இரண்டரைச் சதவீதம் எதற்குச் சாட்சி?

நாட்டு மருந்துக் கடையில் போய் "குங்கிலியம் ஐம்பது கிராம் குடுங்க" என்றால் கடைக்காரர் உடனே டப்பாவைத் திறந்துவிட மாட்டார். "புகைக்கா சார், மருந்துக்கா?" என்பார். மருந்துக்கு என்றால் அடுத்த கேள்வி வரும்: "வெள்ளையா, கருங்குங்கிலியமா, மைசாட்சியா?" அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. குங்கிலியம் என்ற ஒரே பெயரில் நம் பக்கத்தில் குறைந்தது நான்கு மரங்களின் பிசின் புழங்குகிறது. வட, நடு இந்தியக் காடுகளின் சால் மரத்துப் பிசின் ஒன்று. சித்த மருத்துவத்தில் இளநீர் சேர்த்துச் செய்யும் குங்கிலிய பற்பத்துக்கு அதுதான் சரக்கு. மேற்குத் தொடர்ச்சி மலையின் வெள்ளைக் குங்கிலியமும் கருங்குங்கிலியமும் வேறு இரண்டு. நான்காவதுதான் மைசாட்சி. மகிஷாக்ஷி என்பதன் மரூஉ, எருமைக்கண். ராஜஸ்தானிலும் கட்ச் பகுதியிலும் வறண்ட மண்ணில் முள்ளும் முறுக்குமாக நிற்கும் குக்குலு என்ற குறுமரத்தின் பிசின் அது. தாலியை விற்றுக் குங்கிலியம் வாங்கிய திருக்கடவூர்க் கலய நாயனார் இதில் எந்த மரத்துப் பிசினை வாங்கினார் என்று யாரும் கேட்டதில்லை. தூபத்துக்கு மணம் போதும். மருந்துக்குப் போதாது.

குக்குலுவின் சாறு இன்று மாத்திரையாகவும் கேப்சூலாகவும் விற்கிறது. கொழுப்பைக் குறைக்கும் என்பது அதன் புகழ். புட்டியின் மேல் ஒரு வரி இருக்கும்: குக்குல்ஸ்டீரோன் 2.5 சதவீதம். சில புட்டிகளில் 5, சிலவற்றில் 10. பிசினின் கூறுகளில் ஒன்றை ஆய்வகத்தில் அளந்து, சான்றிதழ் வாங்கி அச்சிட்ட எண். வாங்குபவர் அதை மருந்தின் வீரியம் என்று படிக்கிறார். ஐந்து இரண்டரையைவிட நல்லது, பத்து அதைவிட நல்லது என்று நினைத்துக் கூடுதல் காசு கொடுக்கிறார். அப்படிப் படிப்பது செல்லுமா என்பதே இங்கே என் கேள்வி. எண் சரியாக அளக்கப்பட்டதா என்பது ஒரு வழக்கு. அளக்கப்பட்டது மருந்துதானா என்பது வேறு வழக்கு. இரண்டையும் ஒரே சான்றிதழில் முடித்துவிடுகிறார்கள்.

அளவீட்டிலிருந்து தொடங்கலாம். குக்குலுவைப் பொடியாக்குவதே ஒரு வித்தை. சாதாரணமாகக் கல்வத்தில் போட்டு இடித்தால் சூடேறி மெழுகாகிக் குழவியோடு ஒட்டிக்கொள்ளும். நான் பார்த்த ஓர் ஆய்வகத்தில் கட்டிகளை முந்தின நாளே உறைபெட்டியில் வைத்திருந்தார்கள். கல்வத்தையும் குளிரவைத்து, நான்கைந்து வேகமான இடியில் தூளாக்கிவிட வேண்டும். பக்கத்து மேசையில் பயிற்சி மாணவர் ஒருவர் நிதானமாக இடித்தார்; அவருடைய தூள் பாதியிலேயே தாராகிப்போனது. அதைச் சுரண்டி எடுக்க அவர் பட்ட பாட்டில் பிற்பகல் கழிந்தது.

தூளைத் துல்லியமாக நிறுத்து, எத்தில் அசிட்டேட்டில் ஊறவைத்து, அதிர்வுத் தொட்டியில் குலுக்கி, வடிகட்டி, மறுபடி ஊறவைத்து, மறுபடி வடிகட்டுகிறார்கள். சேர்ந்த கரைசலில் ஒரு துளியினும் குறைவான அளவு எச்பிஎல்சி கருவிக்குள் போகிறது. நுண்துகள் அடைத்த குழலின் வழியாக அசிட்டோநைட்ரைலும் தண்ணீரும் கலந்த திரவம் அழுத்தத்தில் ஓட, பிசினின் கூறுகள் ஒவ்வொன்றும் தன் தன் வேகத்தில் பிரிந்து மறுமுனைக்கு வருகின்றன. அங்கே புற ஊதாக் கதிர், ஏறக்குறைய 242 நானோமீட்டர் அலைநீளத்தில் காத்திருக்கிறது. குக்குல்ஸ்டீரோனின் மூலக்கூறில் இரட்டைப் பிணைப்பும் கீட்டோனும் அடுத்தடுத்து இருப்பதால் அந்தக் கதிரை அது நன்றாக விழுங்கும். திரையில் அடுத்தடுத்து இரண்டு பீக் எழும்பும். ஒன்று ஈ, மற்றது இசட். அணுக்கள் அதே, ஒரு பிணைப்பைச் சுற்றி அவை திரும்பியிருக்கும் பக்கம் மட்டும் வேறு. தூய மாதிரியின் பீக்கோடு ஒப்பிட்டு இரண்டையும் கூட்டினால் சதவீதம் கிடைத்துவிடும்.

முறையில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. அதற்கு முன்னால் நடப்பதில்தான் உறுத்தல். அன்று சோதனைக்கு எடுத்தது சாக்கின் மேலே கிடந்த, கண்ணாடிபோல் தெளிந்த ஒரு கட்டி. அடியில் மண்ணும் மரப்பட்டையும் ஒட்டிக் கறுத்துக் கிடந்தவற்றை யாரும் தொடவில்லை. கருவி மூன்றாம் தசமம்வரை துல்லியமாகச் சொன்னது அந்த ஒரு கட்டியைப் பற்றி. சாக்கைப் பற்றி அது வாய் திறக்கவில்லை. பிசின் பால்போல ஒரே சீராக இருக்கும் பொருளில்லை; மரத்துக்கு மரம், கீறலுக்குக் கீறல் மாறும். சாக்கின் பல இடங்களிலிருந்து எடுத்துக் கலந்து, அதிலிருந்து மாதிரி எடுக்காத எந்தச் சான்றிதழையும் நான் பாதி விலைக்குத்தான் மதிப்பேன்.

இந்தக் கவனத்தோடு செய்தால், கடைக்காரரின் கேள்விக்கு ஆய்வகம் ஐயமில்லாமல் பதில் தந்துவிடும். சால் பிசினிலோ கருங்குங்கிலியத்திலோ பறங்கிச் சாம்பிராணியிலோ இந்த இரண்டு பீக்கும் எழாது. குக்குலுவில் மலிவான பிசினைக் கலப்பது பழைய தொழில். சாம்பல் எவ்வளவு, சாராயத்தில் கரைவது எவ்வளவு, தண்ணீரில் கரைவது எவ்வளவு என்ற பழைய சோதனைகளைக் கெட்டிக்காரக் கலப்படக்காரர் சமாளித்துவிடுவார். இரட்டை பீக்கைச் சமாளிப்பது கடினம். ஆகவே முதல் வழக்கில் தீர்ப்பு ஆய்வகத்தின் பக்கம். இனி இரண்டாம் வழக்கு.

குக்குல்ஸ்டீரோன் எப்படிக் குக்குலுவின் பிரதிநிதி ஆனது? கதை பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் தொடங்குகிறது. சுசுருத சங்கிதையில் மேதோரோகம் என்று சொல்லப்படும் உடற்கொழுப்பு நோயின் விவரிப்பு, இன்றைய மருத்துவம் சொல்லும் இரத்தக்குழாய்க் கொழுப்படைப்பை ஒத்திருப்பதை ஜி. வி. சத்யவதி கவனித்தார். பின்னாளில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநரானவர். அந்நோய்க்குப் பழைய நூல் சொன்ன மருந்து குக்குலு. முயல்களுக்குக் கொலஸ்ட்ராலை ஊட்டி, குக்குலுவும் கொடுத்துப் பார்த்தார்; கொழுப்பு குறைந்தது. 1966-இல் அது அவருடைய ஆய்வேடு. நூலின் சொல்லை நம்பாமலும் ஒதுக்காமலும் முயலிடம் கொண்டுபோய்க் கேட்ட அந்த அணுகுமுறைக்கு இன்றும் தலை வணங்கலாம்.

அடுத்து வேதியியலார் வந்தார்கள். சுக் தேவ் குழுவினர் 1972-இல் குக்குலுவின் கூறுகளை வரிசையாகப் பிரித்து வெளியிட்டார்கள். லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் ஒவ்வொரு பகுதியையும் விலங்குகளில் சோதித்தது. அந்தப் பிரிப்பின் கணக்கைச் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் சிக்கலின் முடிச்சு அதில்தான் விழுந்தது. பிசினில் 45 சதவீதம் எத்தில் அசிட்டேட்டில் கரையும். மீதி 55 பெரும்பாலும் கோந்து. அதில் பயனில்லை, நஞ்சுத்தன்மையும் உண்டு என்று ஒதுக்கினார்கள். கரைந்ததில் காரப் பகுதி 1, அமிலப் பகுதி 4, நடுநிலைப் பகுதி 95. அந்த நடுநிலைப் பகுதியைப் பிரித்தால் கீட்டோன் உள்ளது 12, இல்லாதது 88. கொழுப்பைக் குறைக்கும் வேலை பெரும்பாலும் கீட்டோன் பகுதியில் தென்பட்டது. குக்குல்ஸ்டீரோன் இருப்பது அங்கே. சதவீதங்களை எடைக்கு மாற்றினால் நூறு கிராம் பிசினில் கீட்டோன் பகுதி ஐந்து கிராமுக்குச் சற்றுக் கூட, குக்குல்ஸ்டீரோன் அதிலும் ஒரு பங்கு. கீட்டோன் அல்லாத நடுநிலைப் பகுதி முப்பத்தேழு கிராமுக்கு மேல். லேபிளில் பேசுவது முந்தையது மட்டும். பிந்தையதில் முகுலால், செம்ப்ரீன், செசாமின் என்று ஒரு கூட்டமே இருக்கிறது. தனியாகப் பெரிதாக ஒன்றும் செய்யாவிட்டாலும் கீட்டோன் பகுதியோடு சேரும்போது அதன் வேலையைக் கூட்டுகிறது என்று அப்போதே சொன்னார்கள். அதனால்தான் மருந்தாக்கும்போது தனிக் குக்குல்ஸ்டீரோனை எடுக்காமல், எத்தில் அசிட்டேட் சாற்றை அப்படியே எடுத்துக் குகுலிப்பிட் என்று பெயர் வைத்தார்கள். 1980-களின் பிற்பாதியில் அது இந்தியச் சந்தைக்கு வந்தது.

இதில் ஒரு நுட்பமான இடமாற்றம் நடந்துவிட்டது. குக்குல்ஸ்டீரோனை அளந்தது, ஒவ்வொரு தயாரிப்பும் முந்தையதைப் போலவே இருக்கிறதா என்று பார்க்க. அளக்க எளிது, இரண்டு தெளிவான பீக், வேறு பிசினில் இல்லை. அடையாளத்துக்கு இதைவிடத் தோதான கூறு கிடைக்காது. காலப்போக்கில் அடையாளக் கூறே வினைக் கூறு என்று ஆகிவிட்டது. வாயிலில் நிற்கும் காவலரை வீட்டுக்காரர் என்று நினைத்த கதை.

ஒரு கூற்றை வினைக் கூறு என்று சொல்ல என்ன வேண்டும்? அபினை எடுத்துக்கொள்வோம். அதுவும் கீறி எடுத்து உலரவைத்த பால்தான். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் செர்ட்டியூனர் அதிலிருந்து மார்ஃபினைப் பிரித்தார். தனியாகக் கொடுத்தால் வலி அடங்கி உறக்கம் வருகிறது. அளவைக் கூட்டினால் விளைவும் கூடுகிறது. அபினின் மார்ஃபின் சதவீதம் உண்மையிலேயே அதன் வீரியத்தைச் சொல்கிறது. அந்த எண்ணை வைத்து மருத்துவர் அளவு நிர்ணயிக்கலாம். குக்குல்ஸ்டீரோன் சதவீதத்தை வைத்து அப்படிச் செய்ய முடியுமா? மனிதர்களிடம் செய்த சோதனைகளைத்தான் கேட்க வேண்டும்.

1989-இல் வெளியான இந்தியப் பல்மையச் சோதனைதான் குகுலிப்பிட்டின் பெருமைக்கு அடித்தளம். பம்பாய், பெங்களூர், டெல்லி, ஜெய்ப்பூர், லக்னோ, நாக்பூர், வாரணாசி என்று ஏழு ஊர்கள். முதல் பகுதியில் 205 பேர் 12 வாரம் மருந்து சாப்பிட்டார்கள். என்ன மருந்து என்பது எல்லோருக்கும் தெரியும். பயன் கண்ட 70 முதல் 80 சதவீதம் பேரிடம் கொலஸ்ட்ரால் சராசரியாக 23.6 சதவீதம் குறைந்தது. இரண்டாம் பகுதி இரட்டை மறைப்பு: நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. அங்கே குகுலிப்பிட் சாப்பிட்ட 125 பேரிடம் குறைந்தது 11 சதவீதம். இரண்டு சராசரியும் ஒரே வகையில் கணக்கிட்டவை அல்ல என்பது உண்மைதான். ஆனாலும் கண்ணைக் கட்டியதும் பலன் பாதியானது என்பதை ஒரு திறனாய்வாளர் அடிக்கோடிடாமல் போக முடியாது.

ஒப்பிட்ட மருந்தும் கவனிக்கத்தக்கது. வெற்று மாத்திரையோடு நேருக்கு நேர் ஒப்பிடாமல், கொழுப்பைக் குறைக்கும் வேறொரு மருந்தான கிளோஃபைப்ரேட்டோடு ஒப்பிட்டார்கள். அதில் 108 பேர், 10 சதவீதக் குறைவு. கிளோஃபைப்ரேட் சாப்பிட்டவர்களில் சாவு கூடியிருப்பதை உலக சுகாதார நிறுவனத்தின் சோதனை 1978-லேயே காட்டியிருந்தது. மங்கிப்போன ஒருவருக்குச் சமமாக ஓடியதைக் கோப்பையாகக் கொண்டாடியதுபோல் ஆகிவிட்டது. இரண்டு மருந்துக்கும் ஏறத்தாழ ஒரே அளவு குறைந்ததற்கு இரண்டும் வேலை செய்தது காரணமாக இருக்கலாம். சோதனையில் சேர்ந்த பிறகு எல்லோரும் எண்ணெயைக் குறைத்ததும் காரணமாக இருக்கலாம். வெற்று மாத்திரைக் குழு ஒன்று கூடவே ஓடியிருந்தால் இரண்டையும் பிரித்திருக்கலாம்.

வெற்று மாத்திரையோடும் இந்தியாவில் ஒரு சோதனை நடந்து 1994-இல் வெளியானது. 61 பேர், 24 வாரம், நாளுக்கு 100 மில்லிகிராம் குக்குல்ஸ்டீரோன் கணக்கு. கெட்ட கொழுப்பான எல்டிஎல் 12.5 சதவீதம் குறைந்ததாக முடிவு. குக்குலுவின் பக்கம் பேசும் ஆவணங்களில் இதுவே வலுவானது. ஆனால் குழு சிறியது.

பிறகு 2003-இல் வெளியான சோதனை. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தினர் 103 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வெற்று மாத்திரை. ஒரு குழுவுக்கு 1000 மில்லிகிராம் சாறு நாளுக்கு மூன்று வேளை. மூன்றாவதற்கு 2000 மில்லிகிராம் மூன்று வேளை. சாறு 2.5 சதவீதம் குக்குல்ஸ்டீரோனுக்குத் தரப்படுத்தியது, அதாவது புட்டியில் நாம் பார்க்கும் அதே எண். எட்டு வாரம் கழித்து வெற்று மாத்திரைக் குழுவில் எல்டிஎல் 5 சதவீதம் குறைந்தது. குக்குலுக் குழுக்களில் குறையவில்லை. ஒன்றில் 4, மற்றதில் 5 சதவீதம் கூடியது. ஆறு பேருக்குத் தோலில் ஒவ்வாமைத் தடிப்பு.

இங்கே ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அமெரிக்கக் குழுக்களுக்கு நாளொன்றுக்குப் போன குக்குல்ஸ்டீரோன் 75 மில்லிகிராமும் 150 மில்லிகிராமும். 1994 சோதனையின் 100 இந்த இரண்டுக்கும் நடுவில் விழுகிறது. 75-இல் கூடுகிறது, 100-இல் குறைகிறது, 150-இல் மறுபடி கூடுகிறது. குக்குல்ஸ்டீரோன் வினைக் கூறாக இருந்தால் இப்படி ஒரு கோடு வராது. பயன் உண்மை என்றால் அது இந்த எண்ணால் அளக்கப்படாத வேறெதிலோ இருக்கிறது. பயன் இல்லை என்றால் எண்ணுக்கு அளக்க ஒன்றும் இல்லை. இரண்டில் எது உண்மையானாலும் லேபிள் தோற்கிறது.

நார்வேயில் 43 பேரிடம் 12 வாரம் செய்து 2009-இல் வெளியான சோதனையில் மொத்தக் கொலஸ்ட்ரால் கொஞ்சம் குறைந்தது. கூடவே நல்ல கொழுப்பும் குறைந்தது. எல்டிஎல்லில் சொல்லும்படியான மாற்றம் இல்லை. யாருக்கும் வெற்றி என்று சொல்ல முடியாத முடிவு.

"அமெரிக்கச் சோதனைக்கு ஒரு வருஷம் முன்னாடி இது எப்படி வேலை செய்யுதுன்னே கண்டுபிடிச்சாங்களே" என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான். 2002-இல் ஹூஸ்டனின் பெய்லர் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள், பித்த அமிலங்களை உணரும் எஃப்எக்ஸ்ஆர் என்ற ஏற்பியைக் குக்குல்ஸ்டீரோன் தடுப்பதைச் சயன்ஸ் இதழில் எழுதினார்கள். அந்த ஏற்பி இல்லாத எலிகளில் கொழுப்பைக் குறைக்கும் விளைவு தென்படவில்லை. அழகான வேலை. ஆனால் அது எலியில் நடந்தது, தூய சேர்மத்தை வைத்து நடந்தது. 2005-இல் வந்த இன்னோர் ஆய்வு, குக்குல்ஸ்டீரோன் ஒரு வீட்டோடு நிற்கும் விருந்தாளி இல்லை என்று காட்டியது. ஸ்டீராய்டு ஹார்மோன்களின் ஏற்பிகளோடு அது எஃப்எக்ஸ்ஆரைவிடப் பல மடங்கு இறுக்கமாக ஒட்டிக்கொள்கிறது. மூலக்கூறின் உருவமே ஸ்டீராய்டு என்பதால் வியப்பில்லை. ஆக, "வினைக் கூறு" என்ற சொல்லில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. அது சும்மா இருக்கும் பொருள் அல்ல; நிறைய செய்கிறது. கல்லீரலில் பல மருந்துகளை உடைக்கும் நொதியைத் தூண்டுகிறது. இதய நோய்க்குக் கொடுக்கும் டில்டியாசம், ப்ரோப்ரனலால் இரண்டும் இரத்தத்தில் சேரும் அளவைக் குகுலிப்பிட் குறைத்ததாக 1994-லேயே பதிவு உண்டு. கொழுப்பு மாத்திரை தேடுபவர்களில் பலர் இந்த மாத்திரைகளையும் விழுங்குகிறவர்கள். புட்டியில் சதவீதத்துக்கு இடம் இருக்கிறது, இதற்கு இருப்பதில்லை.

குக்குலுவின் தரப்பு வழக்கறிஞர்களாக வைத்தியர்கள் சொல்லும் வாதங்களையும் கேட்க வேண்டும். இந்தியச் சோதனையில் உணவுக் கட்டுப்பாட்டோடு கொடுத்தார்கள், அமெரிக்கர்கள் தங்கள் வழக்கமான உணவைச் சாப்பிட்டுக்கொண்டே சாப்பிட்டார்கள் என்பது ஒன்று. இதில் சாரம் உண்டு. ஆனால் உணவே குறைத்ததை மருந்தின் கணக்கில் எழுதும் ஆபத்தும் அதே வாதத்துக்குள் ஒளிந்திருக்கிறது.

இரண்டாவது வாதம் எனக்கு அதைவிட வலுவாகப் படுகிறது. பழைய முறையில் குக்குலுவை யாரும் எத்தில் அசிட்டேட்டில் கரைக்கவில்லை. துணியில் முடிந்து திரிபலாக் கஷாயத்தில் தொங்கவிட்டுக் கொதிக்கவைத்து, இறங்கியதை வடித்துச் சுண்டவைத்து, நெய் தடவிய கையால் உருட்டினார்கள். தண்ணீரில் இறங்குவதும் கரைப்பானில் இறங்குவதும் வெவ்வேறு சரக்கு. ஒன்றில் தோற்றதை வைத்து மற்றதைத் தோற்கடிக்க முடியாது. மூன்றாவது, காலம். புதுக் குக்குலு உடம்பைத் தேற்றும், பழைய குக்குலு கொழுப்பைச் சுரண்டும் என்று பாவப்பிரகாசம் என்ற ஆயுர்வேத நூல் பிரித்துச் சொல்கிறது. புதியதைக் கனிந்த நாவல்பழத்துக்கு ஒப்பிட்டு அடையாளமும் தருகிறது. ஒரே பிசின், வயதைப் பொறுத்து நேர் எதிரான வேலை! இது உண்மையோ இல்லையோ, சோதிக்கத் தக்க கூற்று. நான் மேலே பேசிய சோதனைகள் எதுவும் பிசினின் வயதை ஒரு கேள்வியாகவே எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு பீக்கைத் தவிர வேறெதையும் கேட்காத ஆய்வகத்துக்கு அந்தக் கேள்வி தோன்றவும் தோன்றாது. (அதே நூல் குக்குலுவை ஐந்து வகையாக்கி, மகிஷாக்ஷத்தை யானைக்கும் பொன்னிற வகையை மனிதருக்கும் சொல்கிறது. நம் கடைகளில் மைசாட்சி என்று பெருமையாக எடுத்துத் தருவதை நினைத்தால் சிரிப்பு வருகிறது.)

ஆனால் இந்த வாதங்களை வைப்பவர்களிடம் ஒரு கேள்வி. பழைய முறைதான் உயிர் என்றால், அந்த முறையில் செய்த மருந்தின் புட்டியிலும் குக்குல்ஸ்டீரோன் சதவீதத்தை ஏன் அச்சிடுகிறீர்கள்? விற்கும்போது ஆய்வகத்தின் எண் வேண்டும், கேள்வி கேட்டால் மரபு வேண்டும் என்றால் இரண்டுக்கும் மரியாதை இல்லை. மூட்டுவலிக்கு விற்கும் குக்குலு மாத்திரைகளில் இந்தக் கோணல் இன்னும் கூடுதல். எண் கொழுப்பு ஆராய்ச்சியிலிருந்து இரவல் வாங்கியது. வீக்கத்தைத் தணிக்கும் குணத்தோடு ஜப்பானிய ஆய்வாளர்கள் 2001-இல் குக்குலுவிலிருந்து பிரித்துக் காட்டிய மிரானால் என்ற கூறு முற்றிலும் வேறு வகை. அதை எந்த லேபிளிலும் நான் பார்த்ததில்லை.

எண்ணை நம்பி வாங்குவதன் விலையை மரம் கொடுக்கிறது. அமெரிக்கச் சோதனையின் குறைந்த அளவையே எடுத்துக்கொண்டால் நாளுக்கு 3 கிராம் சாறு. பிசினில் 45 சதவீதம்தான் சாறாகும் என்பதால் ஏறக்குறைய 6.7 கிராம் பிசின். ஒருவருக்கு ஓர் ஆண்டுக்கு 2.4 கிலோ. ஒரு குக்குலு மரம் ஒரு பருவத்தில் தருவது சில நூறு கிராம், அதுவும் எட்டு பத்து ஆண்டு வளர்ந்த பிறகு. விளைச்சலைக் கூட்ட, தண்டை ஆழமாகக் கீறிக் காயத்தில் காரமான கலவையைப் பூசுகிறார்கள். பிசின் பெருகி வழியும். பல மரங்கள் அதோடு பட்டுப்போகும். 2015-இல் பன்னாட்டுச் சிவப்புப் பட்டியல் குக்குலுவை அழிவின் விளிம்பில் உள்ள இனம் என்று வகைப்படுத்திவிட்டது. ஒருவருடைய ஓராண்டு மாத்திரைக்கு ஐந்து மரமாவது வேண்டும் என்ற நிலையில், 2.5-ஐ 10 ஆக்கும் போட்டி எங்கே போய் முடியும் என்று கட்ச்சில் பிசின் எடுப்பவரிடம் கேட்டால் சொல்லிவிடுவார்.

ஆகவே என் தீர்ப்பு இது. குக்குல்ஸ்டீரோன் அளவீட்டை அடையாளச் சோதனையாக வைத்துக்கொள்ள வேண்டும், கட்டாயமாக்கினாலும் நல்லது. சாக்கு முழுவதிலிருந்தும் மாதிரி எடுத்ததா என்பதைச் சான்றிதழில் எழுத வேண்டும். சதவீதத்தை மருந்தின் வீரியமாகக் காட்டுவதை நிறுத்த வேண்டும். அதற்கு மனிதச் சோதனைகளில் ஆதாரம் இல்லை. சாறு கொழுப்பைக் குறைக்கும் என்ற கூற்று, இப்போது கையில் உள்ள சான்றுகளில் நிற்கவில்லை. கஷாயத்தில் சுத்தி செய்த பழைய குக்குலு குறைக்குமா என்ற வழக்கு இன்னும் விசாரணைக்கே வரவில்லை, அதைத் தள்ளுபடி செய்யவும் முடியாது. அதை விசாரிக்க நினைப்பவர் ஒரே சாக்கின் பிசினை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை உடனே சுத்தி செய்து, மறு பாதியை ஓராண்டு கழித்துச் சுத்தி செய்து, வெற்று மாத்திரைக் குழுவையும் சேர்த்து மூன்று குழுவாக ஓட்டிப் பார்க்கட்டும். எச்பிஎல்சி அங்கேயும் இருக்கட்டும், இரண்டு பீக்கை மட்டும் அச்சடித்துத் தராமல் திரையில் எழும்பும் மற்ற எல்லாவற்றையும் சேர்த்து அச்சடித்துத் தரட்டும்.